நிலவழக்கின் தோற்றுவாய்

வைகைப் பாசன வயல்களில் ஒரு வரப்பு சற்றே இடம் பெயர்ந்தால், முதலில் எழுவது வாய்ப்பூசல். அடுத்து வருவது ஊர்ப் பெரியோரின் சமரசம். அதுவும் பயன்படாதபோதுதான் வழக்கு மதுரை நீதிமன்றத்தின் படியேறுகிறது. அங்கே புகுவதற்குரிய வாயில் பிராது என்னும் ஏடு. அவ்வேட்டில் உரிமையை எவ்வாறு எடுத்துரைக்கிறோம் என்பது எத்துணை முக்கியமானது! சிவகங்கை ஜமீன் வழக்கு அதை நமக்கு நன்கு உணர்த்தும்.

மதுரைக்குக் கிழக்கேயுள்ள சிவகங்கைச் சீமையைக் கும்பினியார் 1801-இல் கௌரி வல்லபத் தேவருக்கு அளித்தனர். அவர் 1829-இல் ஆண் மகவின்றி மறைந்தார். முன்னரே காலமாகிவிட்ட அவருடைய தமையனாரின் மைந்தர்கள், தங்கள் குடும்பம் பாகம் பிரியாதது, ஆதலின் ஜமீன் தங்களுக்கே உரியது என்று உரைத்து, அதனைக் கைக்கொண்டனர். தேவரின் மனைவியருள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் நீதிமன்றத்தை நாடினார். ஆண்டுக்கணக்கில் வழக்காடியும் வெற்றி காணாமலே அவர் உயிர் நீத்தார். குடும்பம் பிரிந்ததா, பிரியாததா என்ற வினாவைச் சுற்றியே வாதம் பெரிதும் சுழன்றது.

பின்னர்த் தேவரின் மகள் காத்தம நாச்சியார் வழக்குத் தொடர்ந்தார். சென்னைச் சதர் நீதிமன்றத்திலும் தோல்வியுற்ற அவ்வழக்கு, கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சிலை எட்டியது. 1863-இல் அங்கே தீர்ப்பு வந்தது. குடும்பம் பிரியாததேயாயினும் ஜமீன் தேவரின் சுயார்ஜிதம். ஆகவே அது மனைவிக்கும், மனைவிக்குப் பின் மகளுக்கும் சேரும் என்பது அதன் சாரம். தேவர் மறைந்து 34 ஆண்டுகள் கழிந்த பின்னரே, கேட்கவேண்டிய வினாவுக்கு உரிய விடை கிடைத்தது.

இன்று நடைமுறையிலுள்ளது 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம். நிலம் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் உள்ளதோ, அங்கேயே பிராது தாக்கல் செய்யவேண்டும். வாதி யார், பிரதிவாதி யார், உரிமை எவ்வழி வந்தது, அதற்கு இடையூறு எப்போது நேர்ந்தது, வேண்டும் பரிகாரம் யாது, சொத்தின் மதிப்பு எவ்வளவு என்பனவெல்லாம் அதில் இடம்பெற வேண்டும். நிலத்தை ஐயமின்றி அடையாளம் காட்ட நான்கெல்லைகளோ சர்வே எண்ணோ குறிக்கப்படவேண்டும். பிராதுக்குரிய கட்டணமும் செலுத்தவேண்டும். நீதிமன்றம் பிராதை ஏற்று எண்ணிட்டதும் பிரதிவாதிக்குச் சம்மன் செல்கிறது. அவர் பொதுவாக 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுமொழி தரவேண்டும். இரு தரப்பும் எங்கே முரண்படுகின்றன என்று ஆராய்ந்து, நீதிபதி எழுவினாக்களை வகுக்கிறார். சாட்சியமும் வாதமும் அவற்றைப் பற்றியே நடைபெறும். காலமும் கருதத்தக்கது, தம் நிலத்தைப் பிறர் எதிருரிமையுடன் அனுபவித்துவர, 12 ஆண்டுகள் வாளாவிருந்தவர் அதை மீட்கும் உரிமையையே இழக்க நேரிடும்.

மாணவர்களே! தீர்ப்பு நீதிபதியின் கையில் இருக்கலாம். ஆயின் அத்தீர்ப்புக்குரிய வினா பிராதிலேயே பிறக்கிறது. அவ்வினா தெளிவாகப் பிறவாதபோது வழக்காடுவோர் செலுத்தும் விலை பொன்னும் பொருளும் மட்டுமன்று, வாழ்நாளுமாகும். அங்கமுத்து நாச்சியார் செலுத்திய விலை அதுவே.