கொத்தடிமை மீட்பில் துறைகளின் கூட்டுப்பணி

செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்தைக் காட்டி மனிதரைப் பிணைத்துவைக்கும் கொத்தடிமை முறைக்காக ஆட்களைத் திரட்டுவதும் ஆள்கடத்தலே. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாததாக்கியது. மாவட்ட, கோட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்களையும் அமைக்கச் சொன்னது. மீட்பைக் காவல்துறையிடம் விட்டால் போதாதா என்பர். போதாது. குற்றவழக்கைப் பதிவுசெய்வது காவல்துறை. தமிழ்நாட்டில் விடுவிப்புச் சான்றிதழ் வழங்குவது வருவாய்க் கோட்டாட்சியர். அந்தத் தாள் கையில் இல்லாதவர் பழைய கடன்காரராகவே ஊர் திரும்ப நேர்கிறது. கொடுமை அங்கேதான் மறுபடி வேர்விடுகிறது. பல துறைகள் கூடினால் பொறுப்பு சிதறும் என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டம் முழு உதவித்தொகையை நீதிமன்ற நடவடிக்கையோடு இணைத்தது. அதனால் விசாரணை தளர்ந்தால் மீண்டவரின் பிழைப்பும் தளரும்; துறைகள் பிரிந்து நிற்க வழியில்லை. சிதறலுக்கு மருந்து, ஒவ்வொரு வழக்கையும் இறுதிவரை தொடரப் பொறுப்பான ஓர் அலுவலரை ஆட்சியர் நியமிப்பதே.