செம்பும் எதிர்ப்புத்திறனும்: நீலகிரிக் கழிவுநீரில் கணக்கில் வராத மாசு

ஆன்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் கழிவுநீரில் பெருகுவது குறித்த இந்திய விவாதம் பெரும்பாலும் மருந்தாலைகளைச் சுற்றியே நடந்துவருகிறது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், ஏறத்தாழ 90 மருந்து நிறுவனங்களின் கழிவைப் பெற்ற சுத்திகரிப்பு நிலையம் வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு, அக்கவனம் இயல்பானதே. ஆயினும் மருந்தாலைகள் மலியாத நீலகிரி இச்சிக்கலுக்கு வெளியே நிற்கிறது என்று கொள்வது பிழையாகும். தேயிலை விளையும் இங்கு முதலில் ஆராய வேண்டியது செம்பு.

1946இல் தென்னிந்தியத் தேயிலையைத் தாக்கத் தொடங்கிய கொப்புள நோய், பறிப்பதற்குரிய இளங்கொழுந்தையே பற்றும் பூஞ்சை நோய். இலையில் ஒளி ஊடுருவும் புள்ளியாகத் தோன்றி, அடிப்புறம் வெண்கொப்புளமாகப் புடைத்து வித்துகளை உதிர்க்கும் இதனைத் தடுக்க, மழைக்காலம் நெடுகக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்னும் செம்புச் சேர்மம், முன்பு பல வேளைகளில் நிக்கல் குளோரைடுடன் சேர்த்து, தெளிக்கப்பட்டு வந்துள்ளது. புதுக்கொழுந்து துளிர்த்துக்கொண்டே இருப்பதாலும், தெளித்த மருந்தை மழை கழுவிவிடுவதாலும், சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் தெளிக்க நேர்கிறது. நுண்ணுயிர்க்கொல்லிகளில் பல காலப்போக்கில் சிதைந்துவிடும். செம்போ தனிமம் ஆதலால் சிதைவதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது.

செம்பைத் தாங்கும் மரபணுவும் மருந்தை எதிர்க்கும் மரபணுவும், பாக்டீரியாக்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அருகருகே அமையும்போது, செம்பு ஒன்றே இரண்டையும் நிலைநிறுத்திவிடும். இதனை இணைத்தேர்வு என்பர். தீவனத்தில் செம்புச் சத்து சேர்க்கப்பட்ட டென்மார்க் பன்றிகளின் குடல் பாக்டீரியாவில், செம்பைத் தாங்கும் மரபணுவும் வான்கோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை எதிர்க்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில் இருந்தது இதற்குத் தெளிவான சான்று. மருந்துப் பயன்பாட்டைக் குறைத்தால் எதிர்ப்புத்திறன் தானே தேய்ந்துவிடும் என்னும் நம்பிக்கையை இது கடுமையாகவே அசைக்கிறது.

தேயிலை மண்ணிலுள்ள மட்கு செம்பைப் பிடித்துவைப்பதால் அது நீரை எட்டாது என்று மறுக்கலாம். அம்மறுப்பில் பாதி உண்மை உண்டு. ஆனால் தேயிலை மண் அமிலத்தன்மை மிக்கது என்பதும், செங்குத்துச் சரிவில் பெருமழை மண்ணையே வாரிச்செல்கிறது என்பதும் மறுபாதி. குன்னூரில் தோட்டச் சரிவுகளின் நீரும் நகரக் கழிவும் சேரும் ஆறு பவானியை நோக்கி இறங்குகிறது. உதகையில் கோடப்பமந்து கால்வாய், மழைநீரோடு நகரக் கழிவையும் சுமந்து ஏரியில் கலக்கிறது.

காந்தல் முக்கோணம் போன்ற இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்கள் இவ்வகை மாசுக்காகத் திட்டமிடப்பட்டவை அல்ல. நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவை மட்கச் செய்யும் முறையில், மனிதக் குடல் பாக்டீரியாக்களும் மண் பாக்டீரியாக்களும் நெருங்கிப் பழகும் தொட்டியே பிளாஸ்மிட் பரிமாற்றத்துக்கு வாய்ப்பான களமாகிறது. உலோகமும் அடியில் தங்கும் கசட்டில் செறிகிறது. வெளியேறும் நீரின் ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள், மலக்கோலிஃபார்ம் எனப்படும் குடல் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஆகியவை வரம்புக்குள் இருந்தாலும், எஞ்சிய கோலிஃபார்ம்கள் எம்மருந்துக்கு அடங்கும் என்பதை அவ்வளவைகள் சொல்வதில்லை. மருந்தாலைக் கழிவுநீருக்கென 2020 ஜனவரியில் நடுவண் அரசு வெளியிட்ட வரைவு விதிகளும் மருந்து எச்சங்களுக்கே வரம்பு முன்மொழிந்தன. ஆகவே நீலகிரியில் கசடு வயலுக்கு உரமாகப் போவதற்கு முன் அதன் செம்பு, நிக்கல் அளவையும் எதிர்ப்பு மரபணுக்களையும் ஒருங்கே அளப்பதும், அவ்வளவீட்டைத் தெளிப்புக் காலத்திலும் தெளிப்பில்லாத கோடையிலும் தனித்தனியே செய்து ஒப்பிடுவதும் இன்றியமையாதவை.