அலமாரிக்குள் அறுவர்

பிரிட்டனின் ஹாஸ்யக் குழுவாகிய, அறுவர் அடங்கிய மான்ட்டி பைத்தான் கோஷ்டியார் தங்கள் இருபதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு 1989-இல் தொலைக்காட்சிக்காக மறுபடியும் ஒன்றுகூடிய வைபவத்தை இந்த இதழில் விஸ்தாரமாகச் சொல்வதாகச் சென்ற வாரம் வாக்களித்திருந்தேன். பிபிசியின் தயக்கங்களும், அவர்களுடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியின் 45 பகுதிகளின் கதையும், 1974-க்குப் பிறகு அறுவரும் அவரவர் வழியே போன விதமும் வாசகர்கள் அறிந்தவை. ஆனால் அந்த அறுவரில் ஒருவராகிய கிரஹாம் சாப்மனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் அந்த வைபவத்துக்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை.

லெஸ்டர் நகரத்துப் போலீஸ்காரர் ஒருவருக்கு மகனாக 1941-இல் பிறந்து, வைத்தியம் படிக்கக் கேம்பிரிட்ஜுக்குப் போய், அங்கே மாணவர்களின் ஹாஸ்ய நாடகச் சங்கமாகிய ஃபுட்லைட்ஸில் ஜான் கிளீஸ் என்ற சட்ட மாணவரின் சிநேகம் வாய்க்கப்பெற்று, பின்னர் லண்டன் செயிண்ட் பார்த்தலமியூ ஆஸ்பத்திரியில் முறையாகப் பயின்று டாக்டராகவும் தேறி, அந்தப் பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு ஜனங்களைச் சிரிக்க வைக்க வந்தவர் சாப்மன். கிளீஸ் பேனாவும் தாளுமாக வாக்கியம் வாக்கியமாகப் போராடிக்கொண்டிருக்க, இவர் சுங்கானைப் புகைத்தபடி வெகு நேரம் மௌனமாக வீற்றிருந்து, யாரும் எதிர்பாராத ஒரு சமயத்தில், யாரும் எதிர்பாராத ஒரு சொல்லைப் போட்டுவிட்டு மறுபடியும் மௌனத்தில் ஆழ்ந்துவிடுவாராம்.

பழுதான காரை விற்றுவிட்டு, அதில் பழுதே கிடையாது என்று சாதிக்கும் வியாபாரியை வைத்து 1968-இல் இவர்கள் ஒரு காட்சி அமைத்திருந்தார்கள். அதில் பின்னாளில் பைத்தான் சகாவான மைக்கேல் பேலின் வியாபாரி, சாப்மன் வாடிக்கைக்காரர். மறு வருஷம் பைத்தானுக்காக அதைப் புதுக்க முனைந்தபோது கார் போய்க் கிளி வந்தது. அதுவும் நார்வே தேசத்து நீலக் கிளி, அதுவும் செத்த கிளி! கிளியைக் கொண்டுவந்தது சாப்மனின் மூளை. கடைக்காரரிடம் ஆவேசமாக வாதாடி அழியாப் புகழ் பெற்றதோ கிளீஸ். உலகம் அன்று தட்டிய கைதட்டலில் பாதி தவறான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

மது சாப்மனை வெகுவாக அழித்தது. 1974-இல் ஸ்காட்லாந்தில், கோஷ்டியின் படம் ஒன்றில் ஆர்தர் ராஜாவாக அவர் வேஷம் தரித்து நடித்த காலத்தில், மாணவப் பருவத்திலேயே மலையேறிப் பழகியிருந்த அந்த மனிதர், பள்ளத்தின்மேல் கட்டிய கயிற்றுப் பாலத்தைக் கடக்க மாட்டாமல் கைகால் நடுங்கி நின்றுவிட, வேறொருவர் ராஜ உடையை அணிந்து கடக்க வேண்டியதாயிற்று. அதே சாப்மன் 1977 கிறிஸ்துமஸ் சமயத்தில் மதுவை அடியோடு விட்டொழித்தார். ஈஎம்ஐ கம்பெனியின் தலைவர் பெர்னார்ட் டெல்ஃபாண்ட், கோஷ்டியின் அடுத்த படமாகிய ‘பிரையனின் வாழ்க்கை’யின் கதை தெய்வ நிந்தனையாகிவிடுமோ என்று கடைசி நேரத்தில் பணத்தை நிறுத்திக்கொண்டு தம் கோழைத்தனத்தைச் சரித்திரத்தில் பதித்துவிட்டுப் போக, பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் தம் வீட்டை ஈடு வைத்துப் படத்தைக் காப்பாற்ற, 1978-இல் டுனீசியாவின் வெயிலில் சாப்மன் பகலெல்லாம் பிரையனாக நடித்து, ஓய்வு வேளைகளில் வயிற்றுக்கோளாறு, காய்ச்சல் என்று வந்த சகாக்களுக்கு வைத்தியமும் பார்த்தார். ஓரமாக வைத்த பட்டம் அங்கேதான் பிரயோஜனப்பட்டது.

பக்கம் தீர்ந்து வருகிறது. விழாவைச் சுருக்கிச் சொல்கிறேன். தொண்டையில் தொடங்கி முதுகெலும்புவரை பரவிவிட்ட புற்றுநோயுடன்தான் சாப்மன் 1989 செப்டம்பரில் படப்பிடிப்புக்கு வந்தார். அமெரிக்க நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் வழிநடத்திய அந்த நிகழ்ச்சி பெரும்பாலும் பழைய காட்சிகளின் தொகுப்பு. அறுவரும் பள்ளிச் சிறுவர்களாக நடித்த புதிய காட்சி ஒன்றைப் பிடித்தும், இறுதியில் வெட்டி எறிந்துவிட்டார்கள். எஞ்சியது, ஸ்டீவ் மார்ட்டின் ஓர் அலமாரியைத் திறக்க, உள்ளே அறுவரும் காட்சி தரும் சில விநாடிகள் மட்டுமே. நிகழ்ச்சிக்கு அவர்கள் சூட்டிய பெயர், ‘கிளிக் காட்சி சேர்க்கப்படவில்லை’ என்பது. கிளியைத் தந்தவரோ, அது நவம்பரில் ஒளிபரப்பாகும்வரை இருக்கவில்லை. முதல் ஒளிபரப்பின் இருபதாம் ஆண்டு நிறைவாகிய அக்டோபர் 5-க்குச் சரியாக ஒரு நாள் முன்பு, 48-ஆம் வயதில் காலமானார். கொண்டாட்டத்தைக் கெடுத்தவர்களின் சரித்திரத்திலேயே இவ்வளவு மோசமான ஆசாமி இருந்ததில்லை என்ற பொருளில் கோஷ்டியின் டெரி ஜோன்ஸ் கடிந்துகொண்டார். டிசம்பரில், சாப்மன் படித்த அதே பார்த்தலமியூ ஆஸ்பத்திரியின் மண்டபத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில், கிளீஸ் அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லை வேண்டுமென்றே உச்சரித்து நண்பருக்கு மரியாதை செய்தார்.

ஒன்பது வருஷம் கழித்து அமெரிக்காவின் ஆஸ்பென் நகர மேடையில், சாப்மனின் அஸ்தி என்று கொண்டுவரப்பட்ட கலசத்தைக் கோஷ்டியின் டெரி கில்லியம் காலால் தட்டிக் கவிழ்த்ததையும், எரிக் ஐடில் மற்றவர்களோடு சேர்ந்து நடிக்காமல் நடந்தேறிய 1999-இன் முப்பதாம் ஆண்டு நிகழ்ச்சியையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)