ஆழ்பற்சுத்தத்தின் வரலாறு

ஆழ்பற்சுத்தம் என்பது, வெளியே தெரியும் பற்பரப்பை மட்டுமன்றி ஈறுக்கு அடியில் மறைந்திருக்கும் வேர்ப்பரப்பையும் சுத்தம் செய்யும் சிகிச்சை ஆகும். பல் மருத்துவர்கள் இதனை ஸ்கேலிங், ரூட் பிளேனிங் என்னும் இரு சொற்களால் குறிப்பிடுவர். முதலாவது காரையைச் சுரண்டி எடுப்பது. இரண்டாவது வேரின் மேற்பரப்பை வழவழப்பாக்குவது. ஈறுநோயால் ஆடும் பல்லைப் பிடுங்குவதா, ஈறை வெட்டுவதா, வேரைச் சுத்தம் செய்து பல்லைக் காப்பதா என்னும் கேள்வி மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலவியது. அதற்கான விடையில் ஒரு பகுதி இலங்கை மலையகத் தமிழ்த் தொழிலாளர்களிடமிருந்து கிடைத்தது.

நோயின் தன்மை

பல்லின்மீது நுண்ணுயிர்கள் ஒட்டி வளர்வதால் உண்டாகும் மெல்லிய படலம், நாள்தோறும் அகற்றப்படாவிட்டால், உமிழ்நீரிலுள்ள கால்சியம் போன்ற உப்புகள் படிந்து காரையாக இறுகும். இதனால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். சிலருக்கு வீக்கம் ஆழத்துக்குப் பரவி, ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போன்ற இடைவெளி உண்டாகும். நலமான ஈறில் இந்த இடைவெளி 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதற்கு மேல் ஆழமானால் பல் துலக்கியின் இழைகள் அங்கே எட்டுவதில்லை. உள்ளே நோய் தொடரத் தாடையெலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கும். பெரும்பாலும் வலி இல்லாததால் நோயாளி தாமதமாகவே மருத்துவரை நாடுகிறார்.

தொடக்ககால முயற்சிகள்

கி.பி. 1000-ஐ ஒட்டி வாழ்ந்த கொர்தோபா மருத்துவர் அல்-சஹ்ராவி, தமது மருத்துவக் கலைக்களஞ்சியமான அல்-தஸ்ரீஃபில் காரை சுரண்டும் 14 கருவிகளை வரைந்து காட்டினார். ஒரே நாளில் முடியாவிட்டால் அடுத்தடுத்த நாள்களில் தொடர்ந்து, காரை முற்றிலும் நீங்கும்வரை சுரண்ட வேண்டும் என்பது அவரது அறிவுரை. 1683-இல் நெதர்லாந்தின் லேவன்ஹூக், பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெண்ணிறப் பொருளில் உயிரிகள் அசைவதை நுண்ணோக்கியில் கண்டார். ஆயினும் அவற்றை ஈறுநோயுடன் தொடர்புபடுத்த இரு நூற்றாண்டுகளாயின. 1728-இல் பிரான்சின் பியர் ஃபோஷார் வெளியிட்ட பல் மருத்துவ நூலும் காரை அகற்றும் கருவிகளை விளக்கியது.

ரிக்ஸின் வாதம்

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பணியாற்றிய ஜான் மேங்கி ரிக்ஸ் (1811–1885), இச்சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவர். 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைத் தாமே சுவாசித்துச் சோதித்தபோது, அவரது பல்லைப் பிடுங்கியவரும் இவரே. ஈறை வெட்டி அகற்றும் முறையை ரிக்ஸ் எதிர்த்தார். நோயின் காரணம் பல்லின்மேல் படிந்திருக்கும் பொருள்தான். ஈறுக்கு அடியில் சென்று அதனை அகற்றினால் ஈறு தானே ஆறும் என்று வாதிட்டார். ஈறுநோயே சில காலம் 'ரிக்ஸ் நோய்' என்று அழைக்கப்பட்டது.

1906-இல் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், பற்களைச் சுத்தம் செய்யும் பணிக்கென ஐரீன் நியூமன் என்பவருக்குப் பயிற்சி அளித்தார். ஆனால் இதற்கு எதிரான போக்கும் விரைவில் எழுந்தது. பிரிட்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1910-இல் மான்ட்ரியலில் ஆற்றிய உரைக்குப் பின், வாயிலுள்ள தொற்றே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்னும் கொள்கை பரவியது. அதனால் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களும் பெருமளவில் பிடுங்கப்பட்டன.

சான்றுகளின் காலம்

1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் ஹெரால்ட் லோ குழுவினர், நலமான ஈறுடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீக்கம் வந்தது. மீண்டும் துலக்கியதும் மறைந்தது. படலமே ஈறுவீக்கத்தின் காரணம் என்பது உறுதியானது.

வீக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கான விடை இலங்கையில் கிடைத்தது. லோ குழுவினர் 1970 முதல் 1985 வரை 480 ஆண் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பலமுறை பரிசோதித்தனர். பல் துலக்கும் பழக்கமோ பல் சிகிச்சையோ எட்டாத தமிழர்கள் அவர்கள். பற்சொத்தை அவர்களிடம் ஏறக்குறைய இல்லாததால், பல் விழுந்ததற்கு ஈறுநோயே காரணம் எனக் கொள்ள முடிந்தது. சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக வளர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறுவீக்கத்தோடு நின்றது. நாற்பது வயதை நெருங்கியபோது, பல்லைத் தாங்கும் திசுவின் இழப்பு சராசரியாகச் சுமார் 4.5 மில்லிமீட்டர். சிறுவயது முதல் சிகிச்சை பெற்ற நார்வே குழுவில் அது சுமார் 1.5 மில்லிமீட்டர்.

இந்த எண்கள் இன்றும் உலகெங்கும் பல் மருத்துவப் பாடங்களில் இடம்பெறுகின்றன. சிகிச்சை இல்லாவிடில் என்ன நேரும் என்பதை உலகுக்குக் காட்டிய அவர்கள், அதனைத் தம் பற்களை இழந்தே காட்டினர்.

இன்றைய நிலை

1950களில் காரையை அதிர்வால் உடைக்கும் அல்ட்ராசோனிக் கருவி வந்தது. 1980களில் சுவீடனின் பாடர்ஸ்டன் குழுவினர், ஒற்றை வேர்ப் பற்களில் ஆழமான பைகளும் வெட்டுச் சிகிச்சை இன்றியே சுருங்குவதைக் காட்டினர். கைக்கருவி, அல்ட்ராசோனிக் இரண்டும் ஒத்த பலனையே தந்தன. வேரை ஆழமாகச் செதுக்க வேண்டியதில்லை என்பதும் பின்னர்த் தெளிவானது. பல வேர்கள் பிரியும் கடைவாய்ப் பற்களில் சில வேளைகளில் அறுவை தேவைப்படுகிறது.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்னும் அச்சம் மக்களிடையே உண்டு. எலும்பு கரைந்த பல்லைக் காரை தற்காலிகமாகப் பிடித்திருக்கும். அது நீங்கும்போது ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளிப்படும். இழந்த எலும்பை இச்சிகிச்சை பெரும்பாலும் மீட்பதில்லை. மேலும் இழப்பதைத் தடுக்கும். அதன் பலன் நிலைக்க, நாள்தோறும் பல் துலக்குவதும் குறித்த இடைவெளியில் மீண்டும் பரிசோதித்துக்கொள்வதும் இன்றியமையாதவை.