நெறியும் முடிவும்: அக்குள் கணுக்களுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயின் சிகிச்சை வரலாறும் பேராக் தோட்டப் பெண்களும்

முன்னுரை

பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரிடையே 'நெறி கட்டுதல்' என்பது யாவரும் அறிந்த வழக்கு. காலில் முள் தைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். பால்வெட்டுக் கத்தி பட்டுக் கை புண்ணானால் அக்குளில் நெறி கட்டும். புண் ஆறினால் நெறி தானே வடிந்துவிடும் என்பது தலைமுறைகள் கண்டறிந்த பட்டறிவு. அது பொய்யான பட்டறிவு அன்று. இன்றைய மருத்துவ நூல்கள் நிணநீர்க்கணு என்று குறிப்பிடும் உறுப்பையே அச்சொல் சுட்டுகின்றது. ஆயினும் வலியின்றி, புண்ணின்றி, மார்பகக் கட்டியோடு சேர்ந்து அக்குளில் தோன்றும் நெறிக்கு அப்பட்டறிவு பொருந்துவதில்லை.

1991ஆம் ஆண்டில் இக்கட்டுரையாளரின் அத்தை ஒருவர் மார்பகக் கட்டியுடன் மருத்துவமனை சென்றார். அவர் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்வெட்டியவர். துணைக்குச் சென்ற பதினொரு வயது மாணவராகிய கட்டுரையாளரே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்க நேர்ந்தது. அக்குளில் உள்ள 'கெலெஞ்ஜார்' வரை நோய் சென்றுவிட்டது என்று மருத்துவர் மலாய்மொழியில் விளக்கினார். "நெறி கட்டியிருக்குன்னு சொல்றாங்க, அத்தை" என்பதே மொழிபெயர்ப்பாக அமைந்தது. "நெறிதானே, வடிஞ்சிடும்" என்று அத்தை ஆறுதல் கொண்டார். சொல் சரியானது, பொருள் தவறிவிட்டது. அந்தத் தவற்றின் மீதே அவர் தம் முடிவை எடுத்தார். மறு அழைப்பு நாளில் அவர் மருத்துவமனைக்குச் செல்லவில்லை.

கணுக்களுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு என்ன சிகிச்சை என்பதை யார், எதனடிப்படையில் முடிவு செய்தனர் என்னும் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதும், அவ்வரலாறு பேராக் தோட்டப் பெண்களை எவ்வாறு வந்தடைந்தது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

தோட்ட மருத்துவத்தின் எல்லை

பேராக்கில் ரப்பரின் வரலாறு 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளோடு தொடங்குகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகியபோது தமிழகத்திலிருந்து ஆண்களும் பெண்களும் திரளாக வந்தனர். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு நோய் ஆகியவற்றால் நேர்ந்த மரணங்கள் தொழிலாளர் எண்ணிக்கையைக் குறைத்தமையால் தோட்ட மருத்துவமனைகள் சட்டத்தின்வழி வற்புறுத்தப்பட்டன. ஆகவே அம்மருத்துவம், உழைப்பாளி வேலைக்குத் திரும்புவதை அளவுகோலாகக் கொண்டிருந்தது. காய்ச்சலுக்குக் கொய்னாவும் புண்ணுக்குக் கட்டும் தருபவராக டிரசர் விளங்கினார். மெல்ல வளரும், வலியற்ற நோயொன்றைத் தேடிக் கண்டறியும் கடமை அம்முறையில் யாருக்கும் இருக்கவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும் பெண், வேலையைத் தடுக்காத கட்டியை நோயாகக் கருதாமையும் இதன் விளைவே எனலாம்.

ஹால்ஸ்டெட் முதல் ஃபிஷர் வரை

தோட்டங்களில் இந்நிலை இருந்த காலத்தில் மேலைநாட்டு அறுவை மருத்துவத்தில் ஒரே முடிவு ஆட்சி செய்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் தமது முழுநீக்க அறுவையை விளக்கி எழுதினார். புற்று மார்பகத்திலிருந்து அடுத்தடுத்த திசுக்கள் வழியே கணுக்களுக்கும், அங்கிருந்து உடலுக்கும் படிப்படியாகப் பரவுகின்றது என்பது அவர் கொள்கை. எனவே மார்பகம், மார்புத் தசைகள், அக்குள் கணுக்கள் அனைத்தையும் ஒருசேர அகற்றுவதே நெறிமுறையாயிற்று. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் இம்முறை கோலோச்சியது.

இக்கொள்கையை ஆய்வுக்கு உட்படுத்தியவர் பெர்னார்ட் ஃபிஷர். 1971இல் தொடங்கிய அவரது ஆய்வில் 1,665 பெண்கள் இடம்பெற்றனர்; அவர்களுள் 586 பேருக்குக் கணுக்கள் பாதிக்கப்பட்டிருந்தமை கைப்பரிசோதனையில் தெரிந்தது. இவர்களில் ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்டெட் அறுவையும், மற்றொரு பிரிவினருக்கு மார்பக நீக்கத்துடன் கதிர்வீச்சும் தரப்பட்டன. 2002இல் வெளிவந்த 25 ஆண்டு முடிவுகள் இரு பிரிவினரின் வாழ்நாளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் காட்டின. கணு என்பது நோயைத் தடுத்து நிறுத்தும் மதில் அன்று. நோய் உடலில் பரவியிருக்கக்கூடும் என்பதை அறிவிக்கும் அடையாளமே என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

அடையாளம் என்றால் மருந்து உடல் முழுதும் செல்ல வேண்டும். மிலான் நகரில் ஜியானி பொனடோனா, கணு பாதிக்கப்பட்ட 386 பெண்களிடம் மேற்கொண்ட ஆய்வை 1976இல் வெளியிட்டார். அறுவை மட்டும் பெற்றவர்களுள் 24 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. மூன்று மருந்துகளின் கூட்டையும் பெற்றவர்களுள் 5.3 விழுக்காட்டினருக்கே திரும்பியது. இவை தொடக்ககால முடிவுகளே எனினும், கணு பாதிப்பு உள்ளோர்க்கு வேதிச்சிகிச்சை தரும் வழக்கத்திற்கு இவ்வாய்வு அடிகோலியது.

முடிவு செய்பவர் யார்?

அக்காலத்தில் கட்டியைச் சோதிப்பதற்காக மயக்கமருந்து ஏற்றுக்கொண்ட பெண், கண்விழிக்கும்போது மார்பகத்தை இழந்திருப்பது இயல்பாக இருந்தது. சோதனையும் அறுவையும் ஒரே மயக்கத்தில் நிகழ்ந்தன. அமெரிக்க இதழாளர் ரோஸ் குஷ்னர் 1974இல் தமக்கு நோய் கண்டபோது இதனை ஏற்க மறுத்தார். 1979இல் அந்நாட்டுத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய கருத்தொருமைப்பாட்டு மாநாடு, சோதனையையும் சிகிச்சையையும் இரு வேறு கட்டங்களாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது. இரு கட்டங்களுக்கும் இடைப்பட்ட அச்சில நாள்களே பெண்ணுக்கு முடிவெடுக்கும் உரிமையை அளித்தன எனலாம். ஆனால் அந்நாள்களைப் பயன்படுத்த நோயின் பெயரும் வழிகளின் பொருளும் அவள் மொழியில் விளங்க வேண்டும்.

கையைக் காக்கும் முயற்சி

அக்குள் கணுக்கள் அனைத்தையும் அகற்றினால் நிணநீர் வடியும் வழி தடைபட்டுக் கை வீங்கக்கூடும். வீங்கிய கையில் ஏற்படும் சிறு காயமும் எளிதில் கிருமித்தொற்றாக மாறும். நாள்தோறும் கத்தி பிடித்து, வாளியில் பால் சுமந்த பெண்ணுக்கு இது பிழைப்பைப் பற்றிய கேள்வியாகும்.

1990களில் டேவிட் கிராக், அர்மாண்டோ ஜூலியானோ ஆகியோர், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் 'காவற்கணு'வை மட்டும் கண்டெடுத்துச் சோதிக்கும் முறையை வளர்த்தனர். ஜூலியானோ தலைமையில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஒன்றிரண்டு காவற்கணுக்களில் மட்டும் நோய் இருந்த 891 பெண்கள் பங்கேற்றனர். எஞ்சிய கணுக்களை அகற்றாமையால் அவர்கள் வாழ்நாள் குறையவில்லை. ஆயினும் அவர்கள் மார்பகத்தைக் காக்கும் அறுவையோடு கதிர்வீச்சும் பெற்றவர்கள். 2014இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, காவற்கணுவில் நோய் கண்ட 1,425 பேரிடம் கணுநீக்கத்தையும் அக்குள் கதிர்வீச்சையும் ஒப்பிட்டது. நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறத்தாழச் சமமாயின. ஐந்தாம் ஆண்டில் கைவீக்கம் முன்னதில் 23 விழுக்காடு, பின்னதில் 11 விழுக்காடு.

கையைக் காக்கும் வழி பெரும்பாலும் கதிர்வீச்சைச் சார்ந்தே நிற்கின்றது என்பது இவ்வாய்வுகளிலிருந்து பெறப்படும் உண்மையாகும். கதிர்வீச்சோ கருவி இருக்கும் ஊரைச் சார்ந்தது.

சென்னை தரும் பாடம்

மேற்கூறிய ஆய்வுகள் பலவும் நோய் முற்றாத நிலையில் வந்த பெண்களைப் பற்றியவை. தாமதமாக வருவோரை முன்னிறுத்திச் சிந்தித்த தமிழ்நாட்டு முன்மாதிரி ஒன்றும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் வி. சாந்தாவும் பணியாற்றினர். கட்டி பெருத்து, கணுக்களும் பாதிக்கப்பட்ட பின்னரே வரும் பெண்களுக்கு முதலில் மருந்தும் கதிர்வீச்சும் இணைத்து அளித்துப் பின்னர் அறுவை செய்யும் முறையை அவர்கள் பின்பற்றினர். 1990 முதல் 1999 வரை அவ்வாறு முற்றிய நிலையில் வந்த 1,117 பெண்களின் சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2008இல் வெளிவந்தது. பிற நாட்டு நெறிமுறையை அப்படியே ஏற்காமல், வாயிலில் வந்து நிற்கும் நோயாளியை நோக்கி முறையை அமைத்தமை இதன் சிறப்பாகும்.

பேராக்கின் தூரம்

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2012–2016 அறிக்கையின்படி, வயதுக்கேற்பச் சீராக்கிய மார்பகப் புற்றுநோய் விகிதம் ஒரு லட்சம் பெண்களுக்குச் சீனரிடையே 40.7, இந்தியரிடையே 38.1, மலாய்க்காரரிடையே 31.5 ஆகும். நாடளாவிய நிலையில் 47.9 விழுக்காட்டினருக்கு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்திலேயே நோய் கண்டறியப்பட்டது. 2018இல் வெளியான பிழைப்பு ஆய்வில், ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் இரண்டாம் கட்டத்தில் 80.7 விழுக்காடாகவும் மூன்றாம் கட்டத்தில் 59.7 விழுக்காடாகவும் இருந்தது. கணு பாதிப்புடையோர் பெரிதும் இவ்விரு கட்டங்களிலேயே அடங்குவர். நெறி வடியும் எனக் காத்திருக்கும் மாதங்களின் விலையை இவ்விடைவெளி உணர்த்துகின்றது.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் மக்கள் ஈப்போவின் புறநகர்த் தாமான்களுக்கும் சிறு நகரங்களுக்கும் பெயர்ந்தனர். தோட்ட மருத்துவமனை மறைந்தது. கதிர்வீச்சுக்காகப் பேராக் நோயாளிகள் நெடுங்காலம் கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ சென்று வந்தனர். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வாரம் ஐந்து நாளாக ஐந்து வாரச் சிகிச்சை என்றால் தங்குமிடம், கூலி இழப்பு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என எல்லாம் முடிவுக்குள் நுழைகின்றன. அத்தகைய பெண் கணுக்கள் அனைத்தையும் அகற்றும் அறுவையோடு நிறுத்திக்கொள்ள விரும்பினால் அதனை அறியாமை என்று ஒதுக்குவது நேரிதன்று.

அண்மை ஆய்வுகள் இத்தூரத்தைச் சற்றே குறைத்துள்ளன. பெய்ஜிங்கிலிருந்து 2019இல் வெளியான ஆய்வு, மார்பக நீக்கத்திற்குப்பின் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுந்த 820 பெண்களிடம் மூன்று வாரக் கதிர்வீச்சு ஐந்து வாரக் கதிர்வீச்சுக்குக் குறைந்ததன்று எனக் காட்டியது. முதலில் பெற்ற மருந்தால் கணுக்களில் நோய் முற்றிலும் நீங்கியவர்களுக்குக் கணுப்பகுதிக் கதிர்வீச்சு கூடுதல் பயன் தரவில்லை என ஓர் அமெரிக்க ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2023இல் அறிவித்தன. இவை எல்லார்க்கும் பொருந்தா; கணுக்களின் எண்ணிக்கை, கட்டியின் தன்மை, வயது, பிற நோய் ஆகியவற்றை நோக்கி மருத்துவரே பொருத்தம் கூறவேண்டும்.

முடிவுரை

ஒரு நூற்றாண்டு வரலாற்றில் ஒரே அறுவையாக இருந்த சிகிச்சை பல வழிகளாகக் கிளைத்துள்ளது. வழிகள் பெருகப் பெருக, விளக்கும் மொழியின் பொறுப்பும் பெருகுகின்றது. 'நிணநீர்க்கணு' என்னும் கலைச்சொல் நமது பாடநூல்களில் உண்டு. ஆனால் அஃது அத்தைமாரைச் சென்றடையவில்லை. 'நெறி' சென்றடைந்துள்ளது, ஆனால் அது பாதிப் பொருளையே தாங்கி நிற்கின்றது. "வலிக்கும் நெறி வடியலாம், வலிக்காத நெறியைக் காட்டியே ஆகவேண்டும், வலித்தாலும் சில வாரங்களில் வடியாவிட்டால் காட்டவேண்டும்" என்று பழஞ்சொல்லோடு புதுப்பொருளை இணைத்துச் சொல்ல வேண்டியவர்கள் தமிழாசிரியர்களே. எத்தனை கணுக்களில் நோய் உள்ளது, அறுவைக்குமுன் மருந்து தரலாமா, எல்லாக் கணுக்களையும் எடுக்கத்தான் வேண்டுமா, கதிர்வீச்சு எங்கே எத்தனை நாள் என்னும் நான்கு வினாக்களையும் ஒரு பெண் தன் மொழியிலேயே கேட்கவும் விடையை உணரவும் இயன்றால்தான் முடிவு அவளுடையதாகும். அந்த மொழிபெயர்ப்புப் பணியைப் பதினொரு வயதுக் குழந்தையிடம் மீண்டும் ஒப்படைத்தல் ஆகாது.