ஈறுகளின் பிறப்பு: ரொமான்சு, சிலாவிய மொழிகள் தரும் சான்று

ஈறுகள் எல்லாம் பண்டு தனிச்சொற்களாய் வழங்கியவையே என்னும் கருத்து மொழிநூலாரிடையே நெடுநாளாக உண்டு. திராவிட மொழிகளின் வேற்றுமை உருபுகளைப் பற்றிக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இக்கருத்தை வலியுறுத்தினார். ஏழாம் வேற்றுமைக்குரிய கண், அகம், புறம் முதலியன பெயர்ச்சொற்களாகவும் நிற்றலின், தமிழ் பயில்வார்க்கு இஃது எளிதில் உடன்பாடாகின்றது. ஆயின், இதனை எல்லா ஈறுகட்கும் பொதுவிதியாக்கல் பொருந்துமா? எழுத்துச் சான்று மிக்க அயன்மொழிகள் சிலவற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இலத்தீனில் 'மென்சு' என்பது மனத்தைக் குறிக்கும் பெண்பாற் பெயர். 'கிளாரா மெந்தே' என்னும் தொடர் 'தெளிந்த மனத்தோடு' எனப் பொருள்படும். இதுவே இலத்தீன் வழிவந்த ரொமான்சு மொழிகளுள் இத்தாலியத்தில் 'கியாராமெந்தே' எனவும், பிரெஞ்சில் 'கிளேர்மான்' எனவும், இசுபானியத்தில் 'கிளாராமெந்தே' எனவும் ஒரு சொல்லாகித் 'தெளிவாக' என்னும் பொருளில் வழங்குகின்றது. மனம் என்னும் பொருள் முற்றும் மறைந்தமையின், மனமில்லாத கல் மெல்ல உருள்வதையும் 'லெந்தாமெந்தே' எனக் கூறலாயினர். எனினும், பழைமையின் தடங்கள் இரண்டு எஞ்சின. ஈற்றின் முன் நிற்கும் அடை இன்றும் பெண்பால் வடிவே கொள்கின்றது. இசுபானியத்தில் இத்தகைய சொற்கள் இரண்டு இணைந்து வரின், இறுதிச்சொல் மட்டுமே ஈறு பெறுகின்றது. 'தெளிவாகவும் எளிமையாகவும்' என்பதனை 'கிளாரா இ சென்சில்யாமெந்தே' என்பர்.

சிலாவிய மொழிகளில் வழங்கும் 'நிக்' ஈற்றின் வரலாறோ வேறு. பெயரடை ஆக்கும் னகர ஈற்றின்மேல் 'இக்' என்னும் பெயராக்க ஈறு வந்து சேர்ந்தது. காலப்போக்கில் இவற்றின் எல்லை மறக்கப்பட்டு இரண்டும் ஓரீறாயின. உருசியத்தில் 'சாய்' தேநீர். 'சாய்நிக்' தேநீர்க் கெண்டி. 'புத்' வழி, 'சுபுத்நிக்' உடன்வழிச் செல்வோன். 1957 அக்டோபர் 4ஆம் நாள் விண்ணிற் செலுத்தப்பட்ட செயற்கைத் துணைக்கோளால் உலகறிந்த சொல் இதுவே. இவ்வீறு எத்தனிச்சொல்லின் தேய்வுமன்று. ஈறும் ஈறும் கூடிப் பிறந்த ஈறு.

இவ்விரு மொழிக்குடும்பங்களும் சந்திக்கும் இடம் ருமேனிய மொழி. அம்மொழி இலத்தீன் வழியது. ஆயினும் சிலாவிய ஈறுகளை ஏற்றது. 'புத்தேரெ' என்னும் இலத்தீன்வழிச் சொல் வலிமையைக் குறிக்கும். அதனொடு 'நிக்' சேரப் 'புத்தெர்நிக்' என வலிமையுடையதைக் குறிக்கும் சொல்லாயிற்று. 'தொக்தொர்' என்பதனோடு சிலாவிய 'இத்சா' சேரத் 'தொக்தொரித்சா' எனப் பெண் மருத்துவரைக் குறித்தது. பகுதி ஒரு குடும்பத்தது. விகுதி மற்றொரு குடும்பத்தது.

ஆகவே, சொல் தேய்தல், ஈறுகள் இணைதல், பிறமொழியினின்று பெறுதல் என ஈறு பிறக்கும் வழிகள் மூன்றேனும் உள என்பது தெளிவு. தமிழ் விகுதி ஒவ்வொன்றற்கும் ஒலியொப்புமை ஒன்றே பற்றி ஒரு மூலச்சொல்லைக் காட்ட முற்படுவோர், முதற்கண் இம்மூன்றையும் சீர்தூக்கல் வேண்டும். மூலச்சொல் உண்டெனின் அது விட்டுச்சென்ற இலக்கணத் தடத்தையும் காட்டல் வேண்டும். அத்தடம் காட்டப்படாதவழி, அம்முடிபு கருதுகோளாகவே நிற்கும் என்க.