மரத்தடியில் நின்றவர்கள்

தாவரங்களைத் தேடிச் சென்ற பயணங்களின் வரலாற்றில் கண்டெடுத்த மலரின் பெயர் நிற்கும். கண்டெடுத்தவர் பெயரும் பல வேளைகளில் அம்மலரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்பயணங்களில் எடுத்த நிழற்படங்களையோ நாம் வரலாற்று ஆவணமாகக் கருதிப் பார்ப்பது அரிது. மேற்குச் சீனத்தில் எர்னஸ்ட் ஹென்றி வில்சன் எடுத்த படங்களை அக்கண்கொண்டு ஒருமுறை பார்ப்போம்.

1876-இல் இங்கிலாந்தில் பிறந்த வில்சன், வீச் என்னும் நாற்றுப்பண்ணையாரால் 1899-இல் சீனத்துக்கு அனுப்பப்பட்டார். வெண்கைக்குட்டைகள் தொங்குவன போலப் பூக்கும் டேவிடியா மரத்தின் விதை வேண்டும் என்பது கட்டளை. அம்மரத்தை முன்னரே கண்டிருந்த அகஸ்டின் ஹென்றி ஒரு துண்டுத்தாளில் வழி வரைந்து கொடுத்தார். 1900 ஏப்ரலில் வில்சன் அவ்விடத்தை அடைந்தபோது இருந்தது அடிக்கட்டை; பக்கத்தில் அம்மரத்தாலேயே கட்டிய வீடு! சில வாரங்களில் வேறிடத்தில் டேவிடியா பூத்து நிற்கக் கண்டார் என்பது உண்மையே. ஆயினும், மரம் தமக்காகக் காத்து நிற்கும் என்று நம்பிப் போகிறவர்க்கு அந்த அடிக்கட்டை சொன்ன செய்தி சிறிதன்று.

1907-இல் அவரை அமெரிக்காவின் ஆர்னால்டு தாவரப் பூங்கா மீண்டும் அனுப்பியது. விதையும் உலர்ந்த கிளையும் மட்டும் போதா, படமும் வேண்டும் என்று வற்புறுத்தியவர் அதன் இயக்குநர் சார்லஸ் சார்ஜன்ட். சாண்டர்சன் கேமராவும், 8½ அங்குல நீளமும் 6½ அங்குல அகலமும் உள்ள கண்ணாடித் தகடுகளும் உடன் சென்றன. எடையும் மிகுதி, உடையும் அச்சமும் மிகுதி. அவை மலைப்பாதைகளில் மனிதர் தோளிலேயே ஏறி இறங்கின.

மரத்தின் உயரம் தெரிய வேண்டுமெனில் அதன் அடியில் அளவு தெரிந்த ஒன்று நிற்க வேண்டும். வில்சன் பல படங்களில் ஓர் ஆளை நிறுத்தினார். மரத்தின் பெயர், உயரம், சுற்றளவு, இடம், நாள் ஆகியன குறிப்பில் உண்டு. நின்றவர் பெயர் பெரும்பாலும் இல்லை. அவர் அங்கே அளவுகோல்!

1908 சூலை 30-ஆம் நாள் எடுத்த ஒரு படத்தில் மரமே இல்லை. திபெத்துக்குச் செல்லும் தேயிலைக் கட்டிகளை முதுகில் அடுக்கிய இருவர் நிற்கின்றனர். சுமை தலைக்கு மேலும் உயர்ந்திருக்கிறது. இறக்கி வைத்தால் மீண்டும் தூக்குவது அரிதாகலின், நின்றவாறே அதைத் தாங்கிக்கொள்ளக் கையில் ஊன்றுகோல். ஒருவர் சுமை 317 இராத்தல், மற்றவர் சுமை 298 இராத்தல் என்று வில்சன் குறித்தார். இன்றைய கணக்கில் அவை ஏறத்தாழ 144, 135 கிலோகிராம். தச்சியன்லு வரை நாளொன்றுக்கு ஆறு மைல் நடை. படம் எடுத்த இடம் 5000 அடி உயரம். பதிவேடு எழுதிப் பிழைக்கும் நம் போன்றோர் இக்குறிப்பில் குறை காண்பது கடினம். பெயருக்குரிய கட்டம் ஒன்றைத் தவிர யாவும் நிரம்பியுள்ளன. வில்சனைக் கல்நெஞ்சர் என்பதும் பொருந்தாது. சுமையை எழுதவேண்டும் என்றேனும் அவருக்குத் தோன்றியதே. அவ்வழியே சென்ற எத்தனையோ பேருக்கு அதுவும் தோன்றவில்லை.

1910-இல் மின் ஆற்றுப் பள்ளத்தாக்கில், லிலியம் ரீகேல் என்னும் லில்லியைத் தேடிய பயணத்தில், பாறைச் சரிவில் அவர் கால் முறிந்த கதை பலரும் அறிந்ததே. கேமராவின் முக்காலிக் கால்களை வைத்துக் கட்டுப்போட்டனர். குறுகிய பாதையில் எதிரே வந்த கோவேறு கழுதைகள், கிடந்தவரைத் தாண்டித் தாண்டிச் சென்றன. கழுதைகள் எல்லா நூலிலும் வருகின்றன. அவரைச் செங்டு நகருக்கு மூன்று நாள் தூக்கிச் சென்ற ஆட்களைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை.

வில்சன் 1930-இல் மோட்டார் விபத்தில் மாண்டார். நெடுங்காலத்துக்குப் பின் செங்டுவைச் சேர்ந்த தாவரவியலார் இன் கைபூ, அப்படங்களைக் கையிலேந்தி, மலைமுகட்டின் வடிவத்தைக் கொண்டு கேமரா நின்ற இடங்களைத் தேடிப்போய் மீண்டும் படம் எடுத்தார். எங்கே காடு குறைந்தது, எங்கே ஊர் வளர்ந்தது என்பதை இரு படங்களையும் அருகருகே வைத்தால் காணலாம். இடையே மின் பள்ளத்தாக்கை 1933-இலும் 2008-இலும் பெருநிலநடுக்கங்கள் உலுக்கியிருந்தன. முகடுகளை வைத்து இடத்தை அறியலாம். தேயிலை சுமந்த இருவரின் ஊரை அறிய அப்படத்தில் முகடு போன்றதொரு குறி இல்லை.